ஆறாவது நிமிடம்

சேவூர்,
20.8.2023

அன்புள்ள மதிக்கு,

சேசுவுக்கே புகழ். அக்கா எழுதுகிறேன். மலையில் மழை பிடித்திருக்கும். வருஷா வருஷம் உனக்கு வரும் அந்த வறட்டு இருமல் இந்தத் தடவையாவது உன்னை மறந்துபோகட்டும். இங்கே நாங்கள் சுகம். கீதாஞ்சலிக்குப் பத்து வயது முடிந்துவிட்டது. அவருக்கு வெளியூரில் வேலை, அதனால் வீட்டில் இப்போது நானும் கீதுவும்தான்.

ஒன்று கேட்கத்தான் எழுதுகிறேன். மடத்துக்குப் போகும்போது நீ என்னிடம் விட்டுப்போன செல்போன் இரும்புப் பெட்டியின் அடியில் கிடந்தது. சார்ஜ் போட்டேன், உயிர் வந்தது. அதில் ஒரு பியானோ இசை இருக்கிறது. பதினோரு நிமிடம் நாற்பது வினாடி. பெயர் இல்லை, வெறும் எண்தான்.

ஜூன் மாதத்திலிருந்து கீது அலறிக்கொண்டே இருந்தாள். எங்கே வலிக்கிறது, என்ன வேண்டும் என்று சொல்ல அவளுக்குத்தான் பேச்சு கிடையாதே. தலையைச் சுவரில் மோதுவாள். போன மாதம் ஒரு நாள் அவள் விரல் பட்டு அந்த இசை தானாக ஓட ஆரம்பித்தது. அலறல் நின்றது. போனைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்தாள். முடிந்ததும் மறுபடி அலறினாள். மறுபடி வைத்தேன். அன்றைக்கு மட்டும் முப்பத்தொரு தடவை.

இரண்டு பேர் சேர்ந்து வாசிக்கிறார்களா? பக்கத்து வீட்டு மயிலாள் அப்படித்தான் சொல்கிறாள். எனக்கும் மூன்று கை இருப்பது போலக் கேட்கிறது. உனக்குத் தெரிந்திருக்குமே என்று எழுதுகிறேன்.

கையெழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். பனியன் கம்பெனியில் வலது கையில் ஊசி ஏறிவிட்டது.

உன் ஜெபத்தில் எங்களையும் வைத்துக்கொள்.

அக்கா,
நாகஜோதி


அமைதி அன்னை மடம்,
10.9.2023

என் பிரியமுள்ள அக்காவுக்கு,

ஆண்டவரின் சமாதானம் உன்னோடும் கீதுவோடும் மச்சானோடும் இருக்கட்டும். இருமல் வந்தது, போயும் விட்டது. மாதம் ஒரு கடிதம்தான் எங்களுக்கு அனுமதி என்பதால் உடனே எழுத முடியவில்லை. கை ஆறியதா?

உன் கடிதத்தைக் கோவிலில் வைத்து நான்கு தடவை படித்தேன். அங்கே கடிதம் படிப்பது பாவம்தான். அந்த இசை இன்னும் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

வாசிப்பவர் ஒருவர்தான் அக்கா. இரண்டே கை. நடுவில் ஒரு பாட்டு நிதானமாகப் போகிறதல்லவா, அதை இரண்டு கட்டைவிரல்களும் மாற்றி மாற்றி வாங்கிக்கொள்கின்றன. மிச்சமுள்ள எட்டு விரல்கள் மேலேயும் கீழேயும் ஓடுகின்றன. அதனால்தான் மூன்றாவது கை இருப்பது போலத் தோன்றுகிறது. பங்குத்தந்தை ஒரு பழைய இசைத்தட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தார். வாசித்தவர் அப்போதே கிழவராம். வெட்டி ஒட்டாமல் ஒரே மூச்சில் வாசித்துப் பதிந்தது என்றார்.

இங்கே நாங்கள் சங்கீதங்களை ஒரே சுரத்தில் பாடுகிறோம். ஆறு வருஷமாக வேறு இசை என் காதில் விழவில்லை. எனக்கு ஓர் உபகாரம் செய். ஆறாவது நிமிடத்தை நன்றாகக் கேட்டு, என்ன நடக்கிறது என்று எழுது. உனக்குத் தோன்றுகிறபடி எழுது, போதும்.

அடுத்த ஆகஸ்ட் பதினைந்தில் எனக்கு நித்திய வார்த்தைப்பாடு. அதற்குப் பிறகு சாகும்வரை இந்தச் சுவருக்குள்தான். நீங்கள் மூன்று பேரும் வர வேண்டும். மச்சானுக்கு என் வணக்கம்.

உன் தங்கை,
தமிழ்மதி


சேவூர்,
8.10.2023

அன்புள்ள மதி,

சேசுவுக்கே புகழ். உன் இருமல் போனதில் நிம்மதி. நாங்கள் இருக்கிறோம். கை பரவாயில்லை.

ஆறாவது நிமிடத்தை மட்டும் எத்தனை தடவை கேட்டேன் என்று எண்ணவில்லை. நான் செக்கிங்கில் இருப்பவள், தப்பைத் தேடித்தான் எனக்குப் பழக்கம். அப்படித்தான் கேட்டேன். அதுவரைக்கும் இடது கை அடியில் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆறில் திடீரென்று அங்கிருந்து எகிறி, வலது கையையும் தாண்டி, உச்சியில் ஒரே ஒரு சுரத்தைத் தொட்டுவிட்டு, அடுத்த நொடி பழைய இடத்துக்கே வந்துவிடுகிறது. ஒரு தடவை இல்லை, பன்னிரண்டு தடவை. அதற்குள் அந்தப் பாட்டு நிற்கவே இல்லை. யாரோ தொட்டிலை ஆட்டிக்கொண்டே வீடு பற்றி எரிவதை அணைப்பது போல இருக்கிறது. உனக்குச் சிரிப்பு வரலாம்.

தப்பு ஒன்றுதான் கிடைத்தது. ஒன்பதாவது நிமிடத்தில் ஓரிடத்தில் பக்கத்துக் கட்டையும் லேசாகப் படுகிறது. துணியாக இருந்தால் நான் அதைப் பாஸ் பண்ணியிருப்பேன்.

மயிலாளின் மகள் இதே இசையை வேறொருவர் வாசித்ததைத் தன் போனில் தேடிக் கொடுத்தாள். அதில் தப்பே இல்லை. ஆனால் கீது அந்தப் போனை வீசி எறிந்துவிட்டாள். ஏன் என்று எனக்கு மூன்று நாள் கழித்துத்தான் புரிந்தது. அந்த ஆள் ஒவ்வொரு தாவலுக்கு முன்னாலும் இம்மியளவு நிற்கிறார். விழுந்துவிடுவோமோ என்று பயப்படுகிறார். உன் கிழவர் நிற்பதில்லை. அவருக்கும் பயம் இருக்கும், ஆனாலும் நிற்பதில்லை. அந்த இடம் வரும்போது கீது கண்ணை மூடிக்கொண்டு கை நீட்டி என் மணிக்கட்டைத் தேடிப் பிடித்து இறுக்குவாள். பன்னிரண்டு தாவலும் முடிந்த பிறகுதான் விடுவாள். மற்ற நேரம் என்னைத் தொடவே மாட்டாள்.

கம்பெனிக்கு இப்போது போவதில்லை. பிசிறு வெட்டும் வேலையை வீட்டுக்கே வாங்கிக்கொள்கிறேன். இவளை வைத்துக்கொண்டு அதுதான் தோது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா,
நாகஜோதி


அமைதி அன்னை மடம்,
5.11.2023

என் பிரியமுள்ள அக்கா,

ஆண்டவரின் சமாதானம். எல்லோரும் சுகம் என்று நம்புகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். உன் கடிதம் வந்த நாளிலிருந்து மிக நன்றாக இருக்கிறேன்.

நீ சொன்னது எத்தனை சரி! கிழவர் நிற்பதில்லை. நான் நின்றேன் அக்கா. அவிநாசியில் பங்குக் கோவில் பியானோவில் நான்கு வருஷம் இதையே வாசித்தேன், உனக்கு நினைவிருக்கும். ஐந்து நிமிடம் வரை யாரும் குறை சொல்ல முடியாது. ஆறில் கை தாவும்போது ஒவ்வொரு தடவையும் நின்றேன். நிற்காமல் தாவினால் தப்பான கட்டையில் விழும். ஒரு நாள் மூடியைச் சாத்திவிட்டு வந்தவள்தான், மறுபடி திறக்கவில்லை. அடுத்த வருஷம் இங்கே வந்துவிட்டேன். தேவ அழைத்தல் என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். அது பொய் இல்லை. முழு உண்மையா என்று மட்டும் தெரியவில்லை. இதை மதரிடம்கூடச் சொன்னதில்லை.

இப்போது காய்கறி நறுக்கும்போது உன் கடிதத்தை வைத்துக்கொண்டு அந்த நிமிடத்தை எனக்குள்ளேயே ஓடவிடுகிறேன். இன்னும் எழுது. எட்டாவது நிமிடத்தில் பாட்டு கீழே இறங்கி இருண்டுபோகுமே, அங்கே கிழவர் மூச்சுவிடுவது கேட்கும். கேட்டாயா? கடைசி ஒரு நிமிடத்தைப் பற்றித் தனியாக எழுது.

திருவருகைக் காலத்தில் கடிதம் கிடையாது. கிறிஸ்துமஸ் முடிந்து எழுது.

உன் தங்கை,
தமிழ்மதி


சேவூர்,
7.1.2024

அன்புள்ள மதி,

சேசுவுக்கே புகழ். பிறந்திருக்கும் வருஷம் உனக்கு நல்லபடியாக இருக்கட்டும். நாங்கள் கிறிஸ்துமஸ் பூசைக்குப் போகவில்லை, கோவில் வாசல் வரைக்கும் போய்த் திரும்பிவிட்டோம்.

கிழவர் மூச்சுவிடுவது கேட்கிறது. மேலே ஏறுகிறவர் விடும் மூச்சு இல்லை அது, கீழே எதையோ இறக்கி வைக்கிறவர் விடுவது.

கடைசி நிமிடத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தேன், எழுத வரவில்லை. பிறகு எழுதுகிறேன்.

உங்கள் சபையில் குழந்தைகளை வைத்துப் பார்த்துக்கொள்ளும் இல்லம் எங்காவது இருக்கிறதா? தெரிந்தவர் ஒருவர் கேட்கிறார். பேச்சு இல்லாத பிள்ளை. சில சமயம் கடிக்கும். மற்றபடி சுத்தமான பிள்ளை. விசாரித்து எழுது.

வீட்டுக்காரம்மா வேலாத்தாளும் உன்னை விசாரித்தார்கள்.

அக்கா


அமைதி அன்னை மடம்,
4.2.2024

என் பிரியமுள்ள அக்கா,

ஆண்டவரின் சமாதானம். உன் கடிதம் சின்னதாக இருந்தது. வேலை அதிகமோ?

நீ கேட்டதை மதரிடம் விசாரித்தேன். எங்கள் சபையில் அப்படி இல்லம் கிடையாது. வேறு சபைகளில் உண்டு, ஆனால் கடிக்கும் பிள்ளை என்றால் தயங்குவார்கள் என்றார். அந்தத் தாய்க்காக ஜெபிக்கிறேன் என்று சொல். அவள் பெயரைச் சொன்னால் பெயர் சொல்லியே ஜெபிப்பேன்.

இறக்கி வைக்கிறவர் விடும் மூச்சு! எழுதத் தெரியாது என்று சொல்லிக்கொண்டே எப்படி எழுதுகிறாய். கடைசி நிமிடத்துக்காகக் காத்திருக்கிறேன்.

பதினான்காம் தேதி திருநீற்றுப் புதன். அன்றிலிருந்து உயிர்ப்பு ஞாயிறு வரை எங்களுக்கு வரும் கடிதங்களை மதர் கட்டி அலமாரியில் வைத்துவிடுவார். நீ எழுது, உயிர்ப்பன்று மொத்தமாகப் படிப்பேன். கீதுவுக்கு முத்தம்.

உன் தங்கை,
தமிழ்மதி


சேவூர்,
25.2.2024

மதி,

நீ இதை ஒரு மாதம் கழித்துத்தான் படிப்பாய். அதனால்தான் எழுதுகிறேன்.

இல்லம் இருக்கிறதா என்று கேட்டது தெரிந்தவர் இல்லை, நான்தான். உன் மச்சான் ஜூன் மாதமே எங்களை விட்டுப் போய்விட்டார். "என்னால முடியல நாகு, என்னையத் தேடாத" என்று சொன்னார். கதவைச் சாத்திவிட்டுத்தான் போனார், கோபம்கூட இல்லை. கீதுவின் அலறல் அன்றைக்குத்தான் ஆரம்பித்தது. என் கையில் ஏறியது ஊசி இல்லை, அவள் பல். இரண்டு முழங்கையிலும் இப்போது கடிபடாத இடம் இல்லை. அவளை அடித்தும் இருக்கிறேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. கம்பெனியில் வர வேண்டாம் என்றார்கள், அவள் பள்ளிக்கூடத்திலும் அப்படியே. தொடர்ந்து மூன்று மணி நேரம் தூங்கி எட்டு மாதம் ஆகிறது. நைட் ஷிப்ட் போய்விட்டுப் பகலில் தூங்குகிறவர்கள் நிறைந்த, சுவரோடு சுவர் ஒட்டிய லைன் வீடு இது. போனை நிறுத்தினால் அலறல், நிறுத்தாவிட்டால் பியானோ. வேலாத்தாளம்மா இத்தனை நாள் எனக்காக எல்லோரிடமும் பேசினார்கள். நேற்று வந்து வாசலிலேயே நின்றார்கள். "என்னாலயும் முடியலீங் கண்ணு, பங்குனிக்குள்ள வேற ஊடு பாத்துக்க" என்று சொல்லிவிட்டு அவர்களே அழுதார்கள்.

உன்னிடம் சொல்லியிருந்தால் நீ வந்திருப்பாய். ஆகஸ்ட் பதினைந்தை நான் உன்னிடமிருந்து பிடுங்கக் கூடாது என்று நினைத்தேன். நீ இசையைக் கேட்டாய், நானும் இசையை எழுதினேன். பொய் எழுதவில்லை. அதைக் கேட்கும்போது மட்டும்தான், இந்த உலகத்தில் ஒருவராவது இத்தனை கஷ்டமான ஒன்றை நிற்காமல் செய்து முடித்திருக்கிறார் என்று இருந்தது.

நாளைக் காலைக்கு ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். கீது உயிரோடுதான் இருப்பாள், பயப்படாதே. என்னைவிட நன்றாகப் பார்த்துக்கொள்ளும் யார் கையிலாவது இருப்பாள். என்னை மன்னிக்கச் சொல்லி நீ ஆண்டவரிடம் கேட்க வேண்டாம்.

நாகஜோதி


சேவூர்,
3.3.2024

மதி,

என்ன நடந்தது என்று எழுதுகிறேன்.

திங்கட்கிழமை காலை கீதுவைக் குளிக்க வைத்து, பச்சைப் பாவாடை கட்டி, திருப்பூர் ரயில்வே ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனேன். இரண்டாவது பிளாட்பாரத்தில் ஒரு பெஞ்சில் உட்கார வைத்தேன். இசை முடிந்தால் தானாக மறுபடி ஆரம்பிக்கும்படி போட்டுப் போனைக் கையில் கொடுத்தேன். அவள் பெயரையும் வயதையும், பேச்சு வராது என்பதையும் ஒரு தாளில் எழுதிப் பையில் வைத்திருந்தேன். இசை ஆரம்பித்தது. நான் எழுந்து நடந்தேன். அவள் தலை தூக்கிப் பார்க்கவில்லை.

பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தே போய்க் காங்கேயம் பஸ்ஸில் ஏறினேன். ஏன் காங்கேயம் என்று கேட்டால் எனக்குத் தெரியாது, அது நின்றிருந்தது. போன் அவளிடம் இருந்தது. ஆனால் அந்த இசை எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது, ஒரு வினாடி பிசகாமல். ஏழு மாதம் கேட்டிருக்கிறேனே. நான் ரோட்டைக் கடந்துகொண்டிருந்தபோது ஒரு தடவை ஆறாவது நிமிடம் வந்தது. பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது இரண்டாவது தடவை வந்தது. இப்போது கண்ணை மூடிக்கொண்டு கை நீட்டுவாள் என்று தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பஸ் கிளம்பியது. டிக்கெட் வாங்கினேன். ஐந்தாவது நிமிடம் ஓடியது. இடது கை அடியில் சுற்ற ஆரம்பித்தது. மூன்றாவது தடவையும் அவள் கை நீட்டி, அங்கே பெஞ்சுப் பலகை மட்டும் இருந்தால் என்ன செய்வாள்? அதைத் தாண்டி என்னால் யோசிக்க முடியவில்லை. எழுந்து நிறுத்தச் சொன்னேன். கண்டக்டர், "ஏனுங்க, இப்பத்தான ஏறுனீங்க" என்றார். இறங்கி ஓடினேன். செருப்பு அறுந்தது, விட்டுவிட்டேன்.

அவள் அதே பெஞ்சில் இருந்தாள். பக்கத்தில் வடக்கத்திப் பெண் ஒருத்தி, கம்பெனி வேலைக்கு வந்தவள் போல, காலடியில் பெரிய பையோடு உட்கார்ந்திருந்தாள். அவள் மணிக்கட்டைத்தான் கீது பிடித்திருந்தாள். நகம் பதிந்து ரத்தம் கசிந்திருந்தது. அந்தப் பெண் கையை இழுத்துக்கொள்ளாமல் அப்படியே வைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் இந்தியில் ஏதோ கேட்டாள். அம்மாவா என்றுதான் கேட்டிருப்பாள். தலையாட்டினேன். எழுந்து இடம் விட்டாள். மன்னித்துக்கொள் என்று சொல்ல எனக்கு அவள் பாஷை தெரியவில்லை.

நான் போனதும் வந்ததும் கீதுவுக்குத் தெரியுமா என்பது எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து சோறு ஊட்டினேன். சாப்பிட்டாள்.

இதை ஒரு நல்ல முடிவு என்று நினைத்துவிடாதே. ஒரு தடவை இறங்கிவிட்டேன். இன்னொரு தடவை அந்தப் பஸ்ஸிலிருந்து இறங்குவேன் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நாகஜோதி


அமைதி அன்னை மடம்,
1.4.2024

அக்கா,

நேற்று உயிர்ப்புப் பூசை முடிந்து மதர் கடிதக் கட்டைக் கொடுத்தார். உன்னுடையவை இரண்டு இருந்தன. கடைசி நிமிடத்தைப் பற்றி எழுதியிருப்பாய் என்று சிரித்துக்கொண்டே பிரித்தேன். அந்தச் சிரிப்பை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

உன் பழைய கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். அவர் வெளியூர், கோணல் கையெழுத்து, கம்பெனிக்குப் போவதில்லை, பேச்சு இல்லாத பிள்ளை. எல்லாம் அங்கேயே இருந்தன. நான் பியானோவை மட்டும் படித்திருக்கிறேன். "அவள் பெயரைச் சொல்" என்று உன்னிடமே கேட்டிருக்கிறேன்.

மதரின் அறையிலிருந்து உன் எண்ணுக்கு எட்டுத் தடவை அழைத்தேன். எடுக்கவில்லை. வேலாத்தாளம்மா வீட்டுக்குப் பேசினேன். நீங்கள் இருவரும் சுகம் என்றும், இருபதாம் தேதியே காலி செய்துவிட்டுக் காங்கேயம் பக்கம் போனதாகவும் சொல்லி, விலாசம் கொடுத்தார்கள். அதற்குத்தான் இதை அனுப்புகிறேன்.

வார்த்தைப்பாடு எடுக்கப்போவதில்லை என்று மதரிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. "போறது தப்பில்ல மதி. ஆனா எதுக்குப் போறேன்னு உனக்குத் தெரியணும்" என்றார். இரவெல்லாம் யோசித்தேன். உனக்காகவா, கீதுவுக்காகவா, நான் தப்பவிட்ட அந்த ஆறாவது நிமிடத்தை இன்னொரு தடவை காதால் கேட்பதற்காகவா? பிரித்துப் பார்க்க முடியவில்லை. உன்னிடம் பொய் சொல்ல விருப்பமில்லை, அதனால் இதையும் எழுதுகிறேன்.

அனுமதிக் காகிதம் வர இரண்டு வாரம் ஆகும். வரட்டுமா? ஒரு வரி எழுது. எழுதாவிட்டாலும் வருவேன்.

தமிழ்மதி


காங்கேயம்,
6.4.2024

மதி,

கடிதம் கிடைத்தது. என் போன் வீடு மாற்றும்போது உடைந்தது, அதனால்தான் எடுக்கவில்லை. கீதுவின் போன் நன்றாக இருக்கிறது.

இங்கே ஓர் எண்ணெய் மில்லுக்குப் பின்னால் ஒற்றை அறை. செக்கு ஓடும் சத்தத்தில் யார் அலறினாலும் வெளியே கேட்காது. அதற்காகத்தான் எடுத்தேன். கொப்பரை வாசம் சோற்றில்கூட ஏறிவிடுகிறது. இவளுக்கு எதுவும் மாறவில்லை, எனக்கும் மாறவில்லை. முந்தாநாள் மறுபடி பஸ் ஸ்டாண்டு வரை தனியாக நடந்து போய்விட்டுத் திரும்பினேன். கதவை வெளியே பூட்டிவிட்டுத்தான் போனேன்.

நீ எதற்காக வருகிறாய் என்று நான் கேட்க மாட்டேன். எதற்காக வந்தாலும் இன்னும் ஓர் ஆள். நான் மூன்று மணி நேரம் தூங்குவேன்.

தெரிந்துகொண்டு வா. அந்த இசையை ஒரு நாளைக்கு நாற்பது தடவை கேட்க வேண்டியிருக்கும். ஒரு வாரத்தில் உனக்கு வெறுத்துப்போகும். எனக்கு வெறுத்தது. வெறுத்த பிறகும் கிழவர் தாவுகிற இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுகிறேன், அது என் கையில் இல்லை. கடைசி நிமிடத்தைப் பற்றி நான் எழுதமாட்டேன். அதை நீயே கேட்டுக்கொள்.

இத்தனை கடிதத்தில் சுகம் சுகம் என்று எழுதினேன். சுகம் இல்லை. வா. காகிதம் வரும்வரைக்கும் தாமதிக்காதே, மதரைக் கேட்டுவிட்டு முன்னதாகவே வா.

பஸ்ஸை விட்டு இறங்கி அரிசி மில் தாண்டி இடது பக்கம் வந்தால் மூன்றாவது கேட். தட்டினால் கேட்காது, உள்ளே வந்துவிடு. முழுக்கை வைத்த ரவிக்கையாகப் போட்டுக்கொண்டு வா.

அக்கா